குளிர்காற்றில் மறைந்திருக்கும் வெப்பம்



சென்ற குளிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை ஏழாம் வகுப்பில் பருவகாலங்கள் பற்றிய பாடத்தை நடத்திக்கொண்டிருந்தோம். சாளரத்துக்கு வெளியே நிலம் முழுவதும் பனி மூடிக் கிடந்தது. மாணவி ஒருத்தி கையை உயர்த்தினாள். "சேர், வெளியிலை மைனஸ் பதினைஞ்சு. எங்கடை வீட்டு வார்மெபும்பெ வெளியிலையிருந்துதான் சூட்டை எடுக்குதாம். இந்தக் குளிருக்குள்ளை சூடு எங்கையிருந்து வரும்?" என்று வினவினாள். வகுப்பு முழுவதும் சிரித்தது.

அவளுடைய வினா சிரிப்புக்குரியதன்று. அறிஞர் பலர் நெடுங்காலம் சிந்தித்து விடை கண்ட வினா அது. ஆயினும் அன்று நாம் கூறிய விடையிற் பாதிச் சொற்கள் நோர்வே மொழிச் சொற்களாக இருந்தன. தாயகத்தில் எட்டு ஆண்டுகள் விஞ்ஞானம் கற்பித்த எமக்கு அது வெட்கத்தைத் தந்தது. எமது வீட்டைச் சூடாக்கும் கருவி எவ்வாறு இயங்குகின்றது என்பதை எமது மொழியிற் சொல்ல இயலாவிடின், தமிழ் எமது பிள்ளைகளுக்கு விழாக்களில் மட்டும் பேசப்படும் மொழியாகிவிடும். அன்று தரத் தவறிய விடையை இம்மலரில் முழுமையாகத் தர முனைகின்றோம்.

நோர்வே மொழியில் வார்மெபும்பெ எனப்படும் கருவியை நாம் வெப்பப் பம்பி என அழைப்போம்.

1. குளிர் என்பது ஒரு பொருளா?

"கதவைச் சாத்து, குளிர் உள்ளே வருகிறது" என்று நாம் எல்லோரும் கூறுவதுண்டு. பேச்சுக்கு இது சரி. விஞ்ஞானத்திற் குளிர் என்று ஒரு பொருள் இல்லை. வெப்பம் குறைந்திருக்கும் நிலையையே நாம் குளிர் என்கிறோம். கதவு திறந்திருக்கும்போது வீட்டிலுள்ள வெப்பமே வெளியே செல்கின்றது.

ஒரு பொருளிலுள்ள மூலக்கூறுகள் ஓயாது அசைந்துகொண்டிருக்கின்றன. அவ்வசைவின் சக்தி மிகும்போது வெப்பநிலை உயர்கின்றது, குறையும்போது தாழ்கின்றது. நீர் உறையும் நிலையைச் செல்சியஸ் அளவுத்திட்டம் பூச்சியம் எனக் கொள்கின்றது. அது எமது வசதிக்காக இடப்பட்ட ஒரு கோடு மட்டுமே. அக்கோட்டிற்குக் கீழே வெப்பம் தீர்ந்துவிடுவதில்லை. உண்மையான அடித்தளம் பூச்சியத்துக்குக் கீழ் 273.15 பாகையில் உள்ளது. கணிதத்தில் இதனைச் சய 273.15 பாகை என எழுதுவோம். இதுவே தனிப்பூச்சியம் ஆகும். கெல்வின் என்னும் அளவுத்திட்டம் இந்த அடித்தளத்திலிருந்தே எண்ணத் தொடங்குகின்றது.

இப்பொழுது ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். எமது அறையின் வெப்பநிலை 21 பாகை எனின், அது ஏறத்தாழ 294 கெல்வின். வெளியே சய 10 பாகை எனின், அது 263 கெல்வின். 263ஐ 294ஆல் வகுத்தால் ஏறத்தாழ 0.89 வரும். அதாவது, நாம் நடுங்கி ஓடும் அக்குளிர்காற்றின் மூலக்கூறுகள், எமது அறைக் காற்றின் மூலக்கூறுகளுடைய அசைவுச் சக்தியில் நூற்றுக்கு எண்பத்தொன்பது பங்கைக் கொண்டிருக்கின்றன. அவை அப்பொழுதும் சராசரியாக நொடிக்கு 400 மீற்றருக்கு மேற்பட்ட வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கின்றன.

நோர்வேயில் இதுவரை பதிவான மிகத் தாழ்ந்த வெப்பநிலை, 1886ஆம் ஆண்டு சனவரி முதலாம் நாள் கராஸ்யோக்கில் அளக்கப்பட்ட சய 51.4 பாகையாகும். அந்நாளின் காற்றிலும் 221 கெல்வினுக்கு மேற்பட்ட வெப்பநிலை இருந்தது. ஆகவே, "இக்குளிரில் வெப்பம் ஏது?" என்னும் வினாவுக்கு, "நிறைய இருக்கின்றது" என்பதே விடை. அதனை எமது வீட்டுக்குள் கொண்டுவருவது எப்படி என்பதே அடுத்த வினா.

2. துலாவும் வெப்பப் பம்பியும்

நீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தானாகவே ஓடும். பள்ளத்திலிருந்து மேட்டுக்குத் தானாக ஏறாது. வெப்பமும் அவ்வாறே சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்குத் தானாகச் செல்லும். எதிர்த்திசையில் தானாகச் செல்லாது. ஆயின், கிணற்று நீரை நாம் மேலே கொண்டுவருவதில்லையா? அதற்குத் துலா வேண்டும். அதனை இயக்க ஒருவர் உழைக்க வேண்டும்.

யாழ்ப்பாணத்துத் தோட்டங்களிற் பெரிய துலாவின் மீது ஏறி முன்னும் பின்னும் நடந்து மிதிப்பார்கள். கீழே நிற்பவர் பட்டையைக் கிணற்றுக்குள் இறக்கி, நிரம்பியதும் வாய்க்காலில் ஊற்றுவார். பின்னர் நீரிறைக்கும் இயந்திரங்கள் வந்தன. 1990களிற் பொருளாதாரத் தடையினால் மண்ணெண்ணெய் அரிதாகியபோது அவ்வியந்திரங்கள் ஓய்ந்தன. மூலையிற் கிடந்த துலாக்கள் மீண்டும் நிமிர்ந்தன. நாமும் சிறுவராக அக்காலத்தில் துலா மிதித்துள்ளோம்.

துலா மிதித்தவர் நீரை உண்டாக்கவில்லை. நீர் நிலத்தடியில் ஏற்கெனவே இருந்தது. அவருடைய உழைப்பு அதனை உயர்த்துவதற்கு மட்டுமே செலவாயிற்று. வெப்பப் பம்பியும் இவ்வாறானதே. அது வெப்பத்தை உண்டாக்குவதில்லை. வெளிக்காற்றில் ஏற்கெனவே உள்ள வெப்பத்தை இறைத்து வீட்டுக்குள் ஊற்றுகின்றது. நாம் செலுத்தும் மின்கட்டணம் இறைப்புக்கூலி மட்டுமே. இந்த ஒரு கருத்தை மனத்தில் இருத்தினால் மற்றவை எளிதில் விளங்கும்.

3. நாம் முன்பே அறிந்த இரு உண்மைகள்

வெப்பப் பம்பியின் இரகசியம் இரண்டு எளிய உண்மைகளில் அடங்கியுள்ளது. இரண்டையும் நாம் வாழ்க்கையில் உணர்ந்திருக்கின்றோம்.

முதலாவது: திரவம் ஆவியாகும்போது சுற்றத்திலிருந்து வெப்பத்தை எடுக்கும். குளித்துவிட்டு ஈர உடலுடன் நின்றால் குளிர்வதும், மண்பானைத் தண்ணீர் வெயிற்காலத்திலும் குளிர்ந்திருப்பதும் இதனாலேயே. பானையின் நுண்துளைகள் வழியாகக் கசியும் நீர் ஆவியாகி, உள்ளிருக்கும் நீரின் வெப்பத்தைக் கொண்டுசெல்கின்றது. ஆவியாதல் எடுத்துக்கொள்ளும் வெப்பம் சிறிதன்று. ஒரு கிலோகிராம் நீரைப் பூச்சியத்திலிருந்து 100 பாகை வரை சூடாக்கத் தேவைப்படும் வெப்பத்தைப்போல் ஐந்து மடங்குக்கும் அதிகமான வெப்பம், அதே நீரை முழுவதும் ஆவியாக்கத் தேவைப்படுகின்றது. இது ஆவிக்குள் மறைந்து நிற்பதால் மறைவெப்பம் எனப் பெயர்பெற்றது. ஆவி மீண்டும் திரவமாக ஒடுங்கும்போது இம்மறைவெப்பம் முழுவதும் வெளிவரும்.

இரண்டாவது: வாயுவை விரைவாக அமுக்கினால் அது சூடேறும். துவிச்சக்கரவண்டிக்குக் காற்றடித்தபின் பம்பியின் அடிப்பாகத்தைத் தொட்டுப்பாருங்கள், சுடும். அமுக்கம் உயரும்போது இன்னொன்றும் நிகழ்கின்றது. தாழ்ந்த அமுக்கத்திற் குளிர்ந்த நிலையிலேயே கொதிக்கும் பொருள், உயர்ந்த அமுக்கத்திற் சூடான நிலையிலும் திரவமாக ஒடுங்கும். எனவே அமுக்கத்தை மாற்றுவதன் மூலம், ஒரு பொருளை வெளியே குளிரிற் கொதிக்கவும் உள்ளே சூட்டில் ஒடுங்கவும் செய்யலாம்.

இதற்கு நீர் பொருந்தாது. மிகத் தாழ்ந்த வெப்பநிலையிற் கொதிக்கும் பொருள் தேவை. இன்றைய வீட்டுக் கருவிகள் பலவற்றிற் பயன்படும் ஆர் 32 என்னும் பொருள், சாதாரண வளிமண்டல அமுக்கத்தில் ஏறத்தாழச் சய 52 பாகையிற் கொதிக்கின்றது. சமையலுக்குப் பயன்படும் புரொப்பேன் வாயு சய 42 பாகையிற் கொதிக்கின்றது. அப்பொருளுக்குச் சய 15 பாகைக் காற்று, எமக்கு அடுப்பு எப்படியோ அப்படி!

4. நான்கு படிகள்

வீட்டுக்கு வெளியே விசிறியுடன் கூடிய ஒரு பெட்டி. உள்ளே சுவரில் ஒரு பெட்டி. இரண்டையும் இணைக்கும் இரு செப்புக் குழாய்கள். குழாய்களுக்குள் குளிரூட்டி எனப்படும் அப்பொருள் சுற்றிச் சுற்றி ஓடுகின்றது. வெளியே சய 10 பாகை எனக் கொள்வோம்.

முதற்படி, ஆவியாதல்: வெளிப்பெட்டியின் சுருள்குழாய்க்குள் தாழ்ந்த அமுக்கத்திலுள்ள குளிரூட்டி சய 10 பாகையிலும் குளிர்ந்திருக்கும், சய 18 பாகை எனக் கொள்ளுங்கள். விசிறி அதன்மீது வெளிக்காற்றைச் செலுத்துகின்றது. காற்று அதனிலும் சூடானதாகையால், வெப்பம் காற்றிலிருந்து குளிரூட்டிக்குச் செல்கின்றது. குளிரூட்டி கொதித்து ஆவியாகின்றது.

இரண்டாம் படி, அமுக்குதல்: மின்மோட்டரினால் இயங்கும் அமுக்கி அவ்வாவியை நெருக்குகின்றது. ஆவி மிகுந்த சூடேறுகின்றது. எமது மின்சாரத்திற் பெரும்பகுதி செலவாவது இங்கேதான். துலா மிதிப்பவர் இவரே!

மூன்றாம் படி, ஒடுங்குதல்: சூடான ஆவி உட்பெட்டியின் சுருள்குழாய்க்கு வருகின்றது. அறைக்காற்று அதன்மீது வீச, ஆவி திரவமாக ஒடுங்கித் தன் மறைவெப்பத்தை அறைக்குக் கொடுக்கின்றது.

நான்காம் படி, விரிதல்: திரவம் ஒரு குறுகிய வால்வின் வழியாகச் செல்லும்போது அதன் அமுக்கம் திடீரெனக் குறைகின்றது. அது மீண்டும் கடுங்குளிராகி வெளிப்பெட்டியை அடைகின்றது. சுற்று மறுபடியும் தொடங்குகின்றது.

இங்கு ஒன்றைக் கவனியுங்கள். வெளிக்காற்று வீட்டுக்குள் வருவதே இல்லை. வெளியிலிருந்து உள்ளே வருவது குழாய்க்குள் அடைபட்ட குளிரூட்டி சுமந்துவரும் வெப்பம் மட்டுமே. "அந்தப் பெட்டி குளிர்காத்தை உள்ளுக்கு இழுக்குது" என்று முதியோர் சிலர் இரவில் அதனை நிறுத்திவிடுகின்றனர். பேரப்பிள்ளைகள் இதனை அவர்களுக்குப் பொறுமையாக விளக்குதல் வேண்டும்.

உங்கள் சமையலறைக் குளிர்சாதனப் பெட்டியும் இதே இயந்திரந்தான். அது உணவின் வெப்பத்தை இறைத்துப் பெட்டியின் பின்புறத்தில் விடுகின்றது. 1980களில் எம்மவர் பலர் வடக்கே பின்மார்க் கரையோரத்து மீன் பதனிடும் ஆலைகளில் வேலைக்குச் சேர்ந்தனர். அங்கு மீனை உறையவைத்த இயந்திரங்களும் இதே நான்கு படிகளில் இயங்கியவையே. மீனின் வெப்பத்தை வெளியே இறைத்தால் உறைகுளிர் அறை. வெளியின் வெப்பத்தை உள்ளே இறைத்தால் சூடான வீடு. இயந்திரம் ஒன்று, இறைக்கும் திசையே வேறு.

5. கருவி தோன்றிய வரலாறு

18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த வில்லியம் கலன், ஈதர் என்னும் திரவத்தைத் தாழ்ந்த அமுக்கத்தில் ஆவியாக்கிக் குளிரை உண்டாக்கிக் காட்டினார். 1824இற் பிரெஞ்சு நாட்டு இளம் பொறியியலாளர் சாடி கார்னோ, வெப்பத்துக்கும் வேலைக்குமுள்ள தொடர்பை ஆராய்ந்து நூல் வெளியிட்டார். 1852இல் வில்லியம் தொம்சன், இயந்திரத்தின் துணையால் வெளிக்காற்றின் வெப்பத்தைக் கட்டடத்துக்குள் கொண்டுவரலாம் என எடுத்துரைத்தார். பின்னர் கெல்வின் பிரபு எனப் பெயர்பெற்றவர் இவரே. கெல்வின் அளவுத்திட்டம் இவர் பெயரையே தாங்கியுள்ளது. 1850களில் ஒஸ்திரியாவின் பேட்டர் ரிட்டிங்கர் உப்பளத் தொழிலுக்கு இத்தத்துவத்தைப் பயன்படுத்தினார். 1938இற் சுவிற்சர்லாந்தின் சூரிச் நகர மண்டபம், அருகில் ஓடும் லிம்மாட் ஆற்றிலிருந்து வெப்பத்தை எடுத்துச் சூடாக்கப்பட்டது.

நோர்வேயில் மின்சாரத்தின் மிகப் பெரும்பகுதி நீர்வீழ்ச்சிகளிலிருந்தும் அணைகளிலிருந்தும் கிடைப்பது. ஆகையால் வீடுகளை மின்சாரத்தாற் சூடாக்கும் வழக்கம் இங்கு வேரூன்றியது. 2020ஆம் ஆண்டு சனவரி முதலாம் நாள் தொடக்கம், கட்டடங்களைச் சூடாக்கக் கனிம எண்ணெய் எரிப்பது தடைசெய்யப்பட்டது. 2021ஆம் ஆண்டின் பிற்பகுதியிலிருந்து தென்பகுதியில் மின்விலை பெரிதும் உயர்ந்ததைப் பெற்றோர் மறந்திருக்கமாட்டார்கள். இக்காரணங்களால், இன்று வெப்பப் பம்பி இல்லாத தெருவை இந்நாட்டிற் காண்பது அரிது. திராம்மன் நகரிற் பியோர்டு நீரிலிருந்து வெப்பம் இறைத்து, நகரக் கட்டடங்களுக்குக் குழாய்வழியே சூடான நீர் அனுப்புகின்றனர். அங்கு குளிரூட்டியாகப் பயன்படுவது அமோனியா.

6. ஒன்று கொடுத்து மூன்று பெறுதல்

சுவரிற் பொருத்தும் சாதாரண மின்சூடாக்கி, அதாவது பனெல்ஓவ்ன், 1 கிலோவாற் மணி மின்சாரத்தை எடுத்து 1 கிலோவாற் மணி வெப்பத்தைத் தரும். அதற்குமேல் தர இயலாது. வெப்பப் பம்பியோ 1 கிலோவாற் மணி மின்சாரத்துடன் வெளியிலிருந்து 2 கிலோவாற் மணி வெப்பத்தையும் சேர்த்து, 3 கிலோவாற் மணி வெப்பத்தை உள்ளே தரக்கூடும். சக்தி எதுவும் புதிதாக உண்டாகவில்லை. 1உம் 2உம் சேர்ந்து 3 ஆயிற்று. ஒன்றுக்கு எத்தனை கிடைக்கின்றது என்பதை நாம் பெருக்க எண் என அழைப்போம். இங்கு அது 3.

இவ்வெண் எந்நாளும் ஒன்றாயிராது. கிணறு ஆழமாக ஆழமாக ஒவ்வொரு பட்டைக்கும் உழைப்பு மிகும் அல்லவா? உள்வெப்பநிலைக்கும் வெளிவெப்பநிலைக்கும் இடையிலுள்ள வேறுபாடே இங்கு கிணற்றின் ஆழம். கார்னோவின் ஆய்விலிருந்து பிறந்த விதி இதுதான்: அறையின் கெல்வின் வெப்பநிலையை அவ்வேறுபாட்டால் வகுத்தால், பெருக்க எண்ணின் உச்ச எல்லை கிடைக்கும்.

வெளியே 7 பாகை: 294 ÷ 14 = 21.
வெளியே சய 15 பாகை: 294 ÷ 36 = ஏறத்தாழ 8.

உலகில் எந்த இயந்திரமும் இவ்வெல்லையைத் தாண்ட இயலாது. உண்மையான இயந்திரங்கள் இதற்கு மிகவும் கீழேயே நிற்கின்றன. சுருள்குழாய்கள் காற்றைவிட அதிகம் குளிர்ந்தும் சூடாகவும் இருக்கவேண்டியிருப்பது, உராய்வு, விசிறிகள், உறைபனி உருக்குதல் ஆகியன அதற்குக் காரணம். நல்ல கருவியொன்று 7 பாகையில் ஏறத்தாழ 4 மடங்கும், சய 15 பாகையில் ஏறத்தாழ 2 முதல் 2.5 மடங்கும் தரும். கடுங்குளிர் நாளிலும் 2 என்பது 1ஐவிட இருமடங்கு என்பதைக் கவனிக்க.

இக்கணக்கை வகுப்பிற் கற்ற அம்மாணவி வீட்டுக்குச் சென்று, துலாவை உவமையாகக் கூறித் தன் அப்பம்மாவுக்கு விளக்கியிருக்கின்றாள். முதியவர் சற்று யோசித்து, "அப்ப குளிர் கூடக் கூடக் கிணறு ஆழமாகுது, மிதிக்கிறவனுக்கு வேலை கூடுது, அவ்வளவுதானே?" என்றாராம். கெல்வினும் வகுத்தலும் அறியாத அம்முதியவர் கார்னோவின் விதியை ஒரே வசனத்திற் கூறிவிட்டார்.

பெற்றோருக்காக ஒரு மாதிரிக் கணக்கு. ஒரு வீட்டுக்கு ஆண்டொன்றுக்கு 12,000 கிலோவாற் மணி வெப்பம் தேவை எனக் கொள்வோம். முழுவதையும் மின்சூடாக்கிகளாற் பெற்றால் மின்செலவு 12,000. காற்று வெப்பப் பம்பி எல்லா அறைகளையும் எட்டாது. ஆகவே 9,000ஐ அது சராசரி 3 மடங்கில் தருவதாகவும், மிகுதி 3,000ஐ மின்சூடாக்கிகள் தருவதாகவும் கொள்வோம். பம்பிக்கு 3,000, சூடாக்கிகளுக்கு 3,000, மொத்தம் 6,000. செலவு பாதியாகின்றது. உங்கள் வீட்டுக்குரிய எண்களை இட்டு, பிள்ளைகளுடன் சேர்ந்து இக்கணக்கைச் செய்துபாருங்கள்.

7. வீட்டிற் கவனிக்க வேண்டியவை

நல்ல கருவியும் தவறான பயன்பாட்டால் வீணாகும். இதற்கு எமது வீடே சான்று. முதலாம் குளிர்காலத்தின் முடிவில் அறை சூடாகாமற் போயிற்று. இயந்திரம் பழுதென எண்ணி, விற்றவர் மீது சினங்கொண்டோம். திருத்துநர் வந்து உட்பெட்டியின் மூடியைத் திறந்து, வடியைக் கழற்றிக் காட்டினார். சாம்பல்நிறக் கம்பளிபோல் தூசி படிந்திருந்தது! தாளிக்கும் எண்ணெய்ப் புகையும் அதனோடு சேர்ந்து ஒட்டியிருந்தது. விஞ்ஞான ஆசிரியரின் வீட்டில் நிகழ்ந்த இத்தவறு உங்கள் வீட்டில் நிகழாதிருக்கட்டும்.

(அ) உட்பெட்டியின் வடியைக் குளிர்காலத்தில் இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை தூசியுறிஞ்சியாற் சுத்தம் செய்க. பத்து வயதுப் பிள்ளையும் பெரியவர் துணையுடன் இதனைச் செய்யலாம்.

(ஆ) உட்பெட்டிக்கு முன்னால் அலுமாரி, திரைச்சீலை முதலியவற்றை வைக்காதீர்கள். சூடான காற்று மேலெழும் இயல்புடையதாகையால், காற்று கீழ்நோக்கி வீசுமாறு அமைத்தல் நன்று. அறைக்கதவுகள் திறந்திருந்தால் வெப்பம் பரவும்.

(இ) கடுங்குளிர் நாள்களிற் கருவியை அடிக்கடி நிறுத்தி மீண்டும் இயக்குதல் சிக்கனமாகாது. இரவில் முழுவதும் ஆறிய வீட்டைக் காலையிற் சூடாக்க, எல்லாச் சூடாக்கிகளும் ஒரே நேரத்தில் உழைக்கவேண்டி நேரிடும். 2022 யூலை தொடக்கம், ஒரே மணித்தியாலத்தில் மிகுதியான மின்சாரம் பயன்படுத்துவோருக்கு வலையமைப்புக் கட்டணமும் உயர்கின்றது என்பதை நினைவிற் கொள்க. வேண்டுமாயின் இரவில் ஓரிரு பாகை குறைத்தால் போதும்.

(ஈ) வெளிப்பெட்டி, பனிக்குவியலுக்கு எட்டாத உயரத்தில் இருத்தல் வேண்டும். கூரையிலிருந்து சரியும் பனி அதன்மீது விழலாகாது. அழகுக்காக நெருக்கமான மரப்பெட்டியால் மூடினால், தான் வெளியேற்றிய குளிர்காற்றையே அது மீண்டும் இழுக்கும். கிணறு வீணே ஆழமாகும்.

(உ) வெளிச்சுருளில் உறைபனி படிவது இயல்பு. கருவி சில நிமிடங்கள் எதிர்த்திசையில் இயங்கி அதனை உருக்கும். அப்போது வெண்ணிற நீராவி எழும். உள்ளே வீசும் சூடு நிற்கும். புகையென அஞ்ச வேண்டாம். கத்தியாலோ கம்பியாலோ உறைபனியைச் சுரண்டாதீர்கள். வடியும் நீர் நடைபாதையில் உறைந்து வழுக்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

(ஊ) புதிய கருவி வாங்கச் செல்வோர், "சய 15 பாகையில் இது எத்தனை கிலோவாற் வெப்பம் தரும்? அப்போது எத்தனை கிலோவாற் மின்சாரம் எடுக்கும்?" என்று கேளுங்கள். விளம்பரங்களிற் பெரிதாக அச்சிடப்படும் எண் பெரும்பாலும் 7 பாகைக்குரியது. பேர்கன் போன்ற மேற்குக் கரையோர நகரின் மிதமான குளிருக்குப் போதுமான கருவி, உள்நாட்டுப் பள்ளத்தாக்கிற் போதாமற் போகலாம்.

(எ) கூட்டுக் குடியிருப்பிலோ வாடகை வீட்டிலோ வசிப்போர், வெளிப்பெட்டி பொருத்துமுன் அனுமதி பெறுதல் வேண்டும். அண்டை வீட்டாரின் படுக்கையறைச் சாளரத்தின் அருகே பொருத்தினால் இரைச்சலால் மனக்கசப்பு உண்டாகும்.

(ஏ) குளிரூட்டியைக் கையாளச் சான்றிதழ் பெற்ற தொழில்நுட்பவியலாளரையே அழைக்க. ஆர் 32 வளிமண்டலத்தில் கலந்தால், நூறாண்டுக் கணக்கில் அதே நிறையுள்ள கரியமில வாயுவைவிட 600 மடங்குக்கு மேலாகப் புவியைச் சூடாக்கும். பழைய கருவியை வெட்டி எறிதல் குற்றமும் தீங்குமாகும்.

(ஐ) மின்சாரம் நின்றால் வெப்பப் பம்பியும் நிற்கும். ஒரு வார காலம் தம்மைத் தாமே பேணக்கூடியவாறு ஆயத்தமாயிருக்கும்படி 2024இல் அரசாங்கம் மக்களுக்கு அறிவுறுத்தியது. விறகு அடுப்பு உள்ள வீட்டினர் அதனை அகற்றிவிடாதீர்கள். உலர்ந்த விறகும் கம்பளிப் போர்வைகளும் கைவசம் இருக்கட்டும்.

8. மாணவர்களுக்கு

கலைச்சொற்கள்

அமுக்கம் - ஓரலகுப் பரப்பின்மீது செலுத்தப்படும் விசை.
அமுக்கி - வாயுவை நெருக்கி அதன் அமுக்கத்தை உயர்த்தும் பொறி.
ஆவியாதல் - திரவம் வாயுவாக மாறுதல்.
ஒடுங்குதல் - வாயு மீண்டும் திரவமாதல்.
குளிரூட்டி - குழாய்க்குள் சுற்றி வெப்பத்தைச் சுமக்கும் பொருள்.
சய - பூச்சியத்திற் குறைந்த எண்ணைக் குறிக்கும் சொல்.
தனிப்பூச்சியம் - வெப்பநிலையின் கடைசி அடித்தளம்.
மறைவெப்பம் - வெப்பநிலை மாறாமல் நிலைமாற்றத்துக்குச் செலவாகும் வெப்பம்.
வடி - காற்றிலுள்ள தூசியைத் தடுத்து நிறுத்தும் வலை.

பயிற்சி

1. வெளியே சய 6 பாகை. அறையில் 21 பாகை. பெருக்க எண்ணின் உச்ச எல்லையைக் காண்க.

2. அறையை 21 பாகைக்குப் பதிலாக 19 பாகையில் வைத்தால், அதே நாளில் அவ்வெல்லை எவ்வாறு மாறும்? கிணற்றின் ஆழத்தைக் கொண்டு காரணம் கூறுக.

3. குளிர்சாதனப் பெட்டியின் கதவைத் திறந்துவைத்துச் சமையலறையைக் குளிரவைக்க இயலுமா? விடைக்குக் காரணம் தருக.

4. உங்கள் வீட்டு வெப்பப் பம்பி, அல்லது குளிர்சாதனப் பெட்டி எவ்வாறு இயங்குகின்றது என்பதை வீட்டிலுள்ள முதியவர் ஒருவருக்கு ஐந்து வசனங்களில், தமிழ்ச் சொற்களை மட்டும் பயன்படுத்தி விளக்குக. அவர் கேட்ட வினாவை எழுதிக்கொண்டு அடுத்த சனிக்கிழமை வகுப்புக்கு வருக.

நான்காம் வினாவுக்கே நாம் அதிக புள்ளிகள் வழங்குவோம்.